கிருமி இரத்தத்தில் கலந்தால் உறுப்புகள் ஏன் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன?



சென்ற மாத மருத்துவ உரையின் முடிவில் ஒரு சகோதரி தொலைபேசியில் வந்து ஒரு கேள்வி கேட்டார். வானலையில் எஞ்சியிருந்த சில நிமிடங்களில் அதற்கு முழுமையான பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது இதுதான்: "அக்கா, அப்பாவுக்குச் சலத்தில கிருமி எண்டு செவ்வாய்க்கிழமை டொக்டர் குளிசை குடுத்தவர். வியாழக்கிழமை பிறசர் விழுந்திட்டுது, கிட்னி வேலை செய்யேல்லை, மூச்சுக்கு மெசின் பூட்டவேணும் எண்டு சொல்லிப்போட்டினம். சலத்தில இருந்த கிருமி இரண்டு நாளைக்குள்ள எப்பிடி நெஞ்சுக்கும் மூளைக்கும் போனது?"

லண்டனில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பல வருடங்கள் வேலை செய்தவள் என்ற வகையில், இதே கேள்வியைப் பல குடும்பங்கள் என்னிடம் கேட்டதுண்டு. தமிழர் மட்டுமல்ல, எல்லா நாட்டவரும் கேட்பார்கள். சுருக்கமான பதில் இது: அநேகமான வேளைகளில் கிருமி ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் போய்க் குடியிருப்பதில்லை. கிருமியின் மேல்தோலில் உள்ள ஒரு நஞ்சும், அந்த நஞ்சைக் கண்டு எங்கள் உடலே எழுப்பும் அமளியும்தான் எல்லா இடமும் போய்ச் சேருகின்றன. இதை விளங்கிக்கொண்டால், வீட்டில் என்ன அறிகுறியைப் பார்க்கவேண்டும், ஏன் காலை வரை காத்திருக்கக்கூடாது என்பதும் தானாக விளங்கும்.

கிருமியின் மேலங்கி

1884ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு வைத்தியர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் கிராம் என்பவர் பக்ரீரியாக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். சில பக்ரீரியாக்கள் அந்த ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொண்டன. சில விட்டுவிட்டன. விட்டுவிட்டவற்றை இன்றும் 'கிராம் நெகற்றிவ்' என்றே அழைக்கிறோம். எங்கள் குடலில் வாழும் ஈ.கோலி, நெருப்புக் காய்ச்சலைத் தரும் சல்மொனெல்லா, மூளைக்காய்ச்சலைத் தரும் மெனிங்கொகொக்கஸ் ஆகியவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. சலத்தில் கிருமி என்று நாங்கள் சொல்வதற்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஈ.கோலிதான்.

பின்னர் 1892 அளவில் ஜேர்மனியில் றிச்சாட் பைபர் என்ற ஆய்வாளர் கொலராக் கிருமிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார். வெப்பத்தால் கொல்லப்பட்ட கிருமிகளை விலங்குகளுக்கு ஏற்றியபோதும் அவை நோயுற்று இறந்தன. கிருமி செத்தும் அதன் நஞ்சு சாகவில்லை. கிருமியின் உடலோடு ஒட்டியிருக்கும் நஞ்சு என்பதால் அதற்கு என்டோரொக்சின் என்று பெயர் வைத்தார். தமிழில் அகநச்சு என்று சொல்லலாம்.

இன்று அதன் அமைப்பு எங்களுக்குத் தெரியும். கிராம் நெகற்றிவ் பக்ரீரியாவின் வெளிச்சுவர், கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருளால் ஆன மேலங்கி போன்றது. அந்த மேலங்கியின் அடியில் இருக்கும் 'லிப்பிட் ஏ' என்ற கொழுப்புப் பகுதிதான் நஞ்சு. கிருமி பெருகும்போதும் சாகும்போதும் இந்த மேலங்கித் துண்டுகள் உதிர்ந்து இரத்தத்தில் கலக்கின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் அகநச்சு அழியாது. ஆகவேதான் வைத்தியசாலையில் ஏற்றும் சேலைனும் ஊசிமருந்தும் கிருமியற்றவையாக இருந்தால் மட்டும் போதாது, அகநச்சு அற்றவையாகவும் இருக்கவேண்டும் என்று தனியாகச் சோதிக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக அந்தச் சோதனைக்குப் பயன்பட்டு வந்தது குதிரைலாட நண்டின் நீல நிற இரத்தம். சிறிதளவு அகநச்சு பட்டாலே அது உறைந்துவிடும்.

எங்கள் குடலுக்குள் இந்த மேலங்கி அணிந்த கிருமிகள் கோடானு கோடியாக இருக்கின்றன. குடற்சுவர் வேலி போல நிற்பதால் அவை அங்கே எங்களை ஒன்றும் செய்வதில்லை. வேலி தாண்டி இரத்தத்துக்குள் வந்தால்தான் ஆபத்து.

உடல் ஏன் இவ்வளவு பயப்படுகிறது?

சுகதேகியான தொண்டர்களின் சம்மதத்துடன் நடத்தப்பட்ட ஆய்வுகளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 2 முதல் 4 நனோகிராம் அகநச்சு ஏற்றப்பட்டது. நனோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த அளவுக்கே ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர் நடுக்கம், காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு எல்லாம் வந்தன. எலிகள் இதைவிடப் பன்மடங்கு தாங்கும். மனித உடல்தான் இந்த நஞ்சுக்கு மிகவும் கூச்சப்படுவது.

காரணம், எங்கள் வெண்குருதிக் கலங்களின் மேல் இந்த மேலங்கியை அடையாளம் காண்பதற்கென்றே ஒரு காவற்புரதம் இருக்கிறது. அதன் பெயர் ரி.எல்.ஆர்.4. அகநச்சை உணர்வது இதுதான் என்பதை 1998இல் அமெரிக்க விஞ்ஞானி புறூஸ் பொய்ட்லரின் குழு எலிகளில் கண்டறிந்தது. அவர் 2011இல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காவற்புரதம் அகநச்சைக் கண்டதும் வெண்குருதிக் கலங்கள் சில இரசாயனத் தூதுகளை வெளிவிடுகின்றன. ரி.என்.எவ்., இன்ரலூக்கின் என்பவை அவற்றிற் சில. காய்ச்சல் வருவதும் நெஞ்சு படபடப்பதும் இவற்றால்தான். விரலில் ஒரு முள்ளுக் குத்திப் புண்ணானால் இந்த ஏற்பாடு எங்களைக் காப்பாற்றுகிறது. அந்த இடம் மட்டும் சிவந்து வீங்கும், கிருமி அழியும், சுகமாகிவிடும்.

ஆனால் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் ஓடும்போது, விரலில் நடக்கவேண்டிய அதே வேலை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஊருக்குள் ஒரு கள்ளன் புகுந்தான் என்று, அவனைப் பிடிப்பதற்காக எல்லா வீட்டு வேலியையும் வெட்டிச் சாய்த்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு அளவு மீறித் தன் உறுப்புகளையே சேதமாக்குவதைச் செப்சிஸ் என்கிறோம். இரத்த அழுத்தமும் விழுந்துவிட்டால் அது செப்ரிக் அதிர்ச்சி. மனம் அதிர்வது பற்றிய பேச்சு அல்ல இது. உறுப்புகளுக்கு இரத்தம் போதாமற் போகும் நிலை.

ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். எல்லாச் செப்சிஸுக்கும் அகநச்சுக் காரணமல்ல. வேறு வகைப் பக்ரீரியாக்களாலும் வைரஸ்களாலும் பங்கசுக்களாலும் செப்சிஸ் வரும். பாதை தொடங்கும் இடம் வேறு. போய் முடியும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்.

கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாத தோட்டம்

ஊரில் தோட்டம் செய்தவர்களுக்கு இதை இலகுவாக விளக்கலாம். கிணற்றடியில் இறைப்பு மெசின் ஓடுகிறது. தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் பாத்தி போகிறது. வாய்க்கால் ஒடுக்கமாகவும் கரை உறுதியாகவும் இருந்தால்தான் கடைசிப் பாத்தி வரை தண்ணீர் எட்டும்.

எங்கள் உடலில் இதயம்தான் மெசின், இரத்தக் குழாய்கள் வாய்க்கால், உறுப்புகள் பாத்திகள். செப்ரிக் அதிர்ச்சியில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன.

முதலாவது, இரத்தக் குழாய்ச் சுவர்களில் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு அளவுக்கு மிஞ்சி உண்டாகிறது. குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. வாய்க்கால் அகன்றுவிட்டால் அதே தண்ணீர் தேங்கி நிற்குமே தவிர வேகமாக ஓடாது. இரத்த அழுத்தம் விழுகிறது.

இரண்டாவது, மிக நுண்ணிய குழாய்களின் உட்பூச்சுச் சேதமாகி இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. கரை உடைந்த வாய்க்கால் மாதிரி. அதனால்தான் சேலைன் ஏற்ற ஏற்ற நோயாளியின் முகமும் கைகாலும் வீங்குகின்றன. "மருந்து ஏத்தி ஊதிப்போச்சு" என்று உறவினர்கள் பயப்படுவார்கள். குழாய்க்குள் நிற்கவேண்டிய நீர் வெளியே நிற்பதுதான் அந்த வீக்கம்.

மூன்றாவது, நுண்குழாய்களுக்குள் இரத்தம் சிறுசிறு கட்டிகளாக உறைகிறது. வாய்க்காலில் சருகு அடைத்தது போல. உறைவதற்கான பொருட்கள் இப்படி வீணாகச் செலவாகிவிடுவதால், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காமல் வடிவதும் உண்டு. ஒரே உடலில் ஒரு பக்கம் உறைவும் மறுபக்கம் கசிவும் நடப்பதைப் பார்க்கக் குடும்பத்தினருக்குப் புதிராக இருக்கும்.

இனி ஒவ்வொரு பாத்தியாகப் பார்ப்போம்.

சிறுநீரகம்: இரத்த அழுத்தம் குறைவதை முதலில் உணர்பவற்றில் ஒன்று. நாங்கள் வைத்தியசாலையில் ஒவ்வொரு மணித்தியாலமும் சலத்தை அளப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணித்தியாலத்துக்குக் குறைந்தது 30 மில்லிலீற்றர் வரவேண்டும். அதற்குக் கீழே போனால் சிறுநீரகம் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். வீட்டில் அளக்கத் தேவையில்லை. ஒரு நாளாகச் சலம் போகவில்லை, அல்லது மிகக் கொஞ்சமாகத் தேயிலைச் சாயம் போலப் போகிறது என்றால் அதுவே அறிகுறி. சிலருக்குத் தற்காலிகமாக மெசின் மூலம் இரத்தம் சுத்திகரிக்கவேண்டி வரும். சிறுநீரகம் மீண்டு வருபவர்களும் உண்டு. நிரந்தரமாகப் பாதிக்கப்படுபவர்களும் உண்டு.

நுரையீரல்: நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றுப்பைகள் உள்ளன. நுண்குழாய்கள் கசியும்போது இப்பைகளுக்குள் நீர் நிறைகிறது. ஒட்சிசன் உள்ளே போக இடமில்லை. சலத்தில் கிருமி வந்தவருக்கு மூச்சு மெசின் ஏன் என்ற கேள்விக்கு விடை இதுதான். வீட்டில் தெரியும் அடையாளம் வேகமான மூச்சு. வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். 25ஐத் தாண்டினால் ஆபத்து. மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இதயம்: அழுத்தம் விழுந்ததை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. அதேவேளை அந்த இரசாயனத் தூதுகள் இதயத் தசையையும் தளர்த்துகின்றன. மெசினும் இளைத்துப்போகிறது. உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தத் தளர்வு சில நாட்களில், அல்லது ஓரிரு வாரங்களில் திரும்பிவிடும்.

ஈரலும் குடலும்: குடலில் இருந்து சிறிதளவு அகநச்சு எப்போதும் கசிவதுண்டு. அதைப் பிடித்து அழிப்பது ஈரலின் அன்றாட வேலை. அதிர்ச்சியில் குடலுக்கு இரத்தம் குறைந்து குடல்வேலி பலவீனமாகிறது. மேலும் நஞ்சு உள்ளே வருகிறது. அந்த நேரம் பார்த்து ஈரலும் களைத்திருக்கிறது. கண் மஞ்சளாவது இதனால்தான். ஏற்கனவே மதுவால் ஈரல் கெட்டவர்களுக்கு இந்தக் கட்டம் மிகவும் கடினமானது.

மூளை: உடல் எடையில் 2 வீதமே உள்ள மூளை, உடலுக்குத் தேவையான ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. இரத்தமும் குறைந்து, அழற்சித் தூதுகளும் வந்து சேரும்போது மூளை தடுமாறுகிறது. மாறிக் கதைப்பது, ஆளை அடையாளம் தெரியாமை, வழக்கத்துக்கு மாறான நித்திரை. முதியவர்களில் காய்ச்சலே இல்லாமல் இந்தத் தடுமாற்றம் மட்டுமே முதல் அறிகுறியாக வருவது சாதாரணம். சிலருக்கு உடம்பு சுடுவதற்குப் பதிலாக வழக்கத்தைவிடக் குளிர்ந்துபோகும்.

தோல்: உடல் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காகத் தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. கைகால் குளிரும், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். குழந்தைகளிலும் இளைஞர்களிலும் மெனிங்கொகொக்கஸ் கிருமியால் வந்த செப்சிஸ் என்றால், கண்ணாடிக் குவளையின் பக்கத்தால் அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றலாம். அந்தப் புள்ளிகள் வரும்வரை காத்திருக்கவும் கூடாது. பலருக்கு அவை வருவதே இல்லை.

மாற்றுமருந்து இருக்கிறதா?

பாம்புக் கடிக்கு விஷமுறிவு ஊசி இருப்பது போல அகநச்சுக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் நீண்ட காலம் முயன்றார்கள். 'லிப்பிட் ஏ'யைப் பிடிப்பதற்காக உருவாக்கப்பட்ட சென்ரொக்சின் என்ற மருந்து ஐரோப்பாவில் சில காலம் விற்பனைக்கு வந்து, 1993இல் திரும்பப் பெறப்பட்டது. 2001இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட சைகிறிஸ் என்ற மருந்து உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று தெரிந்து 2011இல் நிறுத்தப்பட்டது. காவற்புரதத்தையே மறைத்துவிடும் எரிற்றொரான் என்ற மருந்தும் பலன் தரவில்லை என்ற ஆய்வு முடிவு 2013இல் வெளியானது. எலியில் வேலை செய்தவை மனிதரில் வேலை செய்யவில்லை. நோயாளி வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது நஞ்சு தன் வேலையைத் தொடங்கி, இரசாயனத் தூதுகளும் புறப்பட்டுவிடுகின்றன என்பது இதற்கு ஒரு காரணம்.

ஆகவே இன்றும் சிகிச்சை இப்படித்தான் நடக்கிறது: இரத்தம் எடுத்துக் கிருமியைக் கண்டறியப் பரிசோதனைக்கு அனுப்புதல், தாமதமின்றி நாளத்தினூடாக அன்ரிபயோரிக் கொடுத்தல், சேலைன் ஏற்றுதல், அதற்கும் அழுத்தம் ஏறாவிட்டால் நோர்அட்ரினலின் என்ற மருந்தால் குழாய்களை இறுக்குதல், கிருமி இருக்கும் இடத்தைத் தேடிச் சீழை அகற்றுதல் அல்லது அடைப்பை நீக்குதல். இரத்தத்தில் லக்ரேற் என்ற பொருளையும் அளப்பார்கள். ஒட்சிசன் போதாமல் தவிக்கும்போது அது ஏறும். அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க மருந்து தேவைப்பட்டு, போதிய சேலைன் ஏற்றிய பின்பும் லக்ரேற் 2க்கு மேல் நிற்கும் நோயாளிகளில் 40 வீதத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான சர்வதேச வரைவிலக்கணம் சொல்கிறது.

2006இல் கனடாவின் வினிப்பெக் நகர வைத்தியர்கள் தலைமையில் ஒரு ஆய்வு வெளியானது. இரத்த அழுத்தம் விழுந்த பின் சரியான அன்ரிபயோரிக் கிடைப்பதற்குத் தாமதமான ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பிழைப்போரின் தொகை சராசரியாக 7.6 வீதம் குறைந்ததாக அது காட்டியது. மாற்றுமருந்து இல்லாத இந்த நோயில் எங்கள் கையில் இருப்பது நேரம்தான். அந்த நேரத்தின் முதற்பாதி வைத்தியசாலையில் அல்ல, எங்கள் வீட்டில்தான் கழிகிறது.

எங்கள் வீடுகளில் நேரம் எங்கே போகிறது?

இதை யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, இரண்டு வேலை செய்து, "பிள்ளையளுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது" என்று நோவை மறைக்கும் பெற்றோர் எங்கள் பெற்றோர். நடுச்சாமத்தில் அம்புலன்சைக் கூப்பிட்டால் அயலவர் என்ன நினைப்பார்கள், ஆங்கிலத்தில் எப்படி விளங்கப்படுத்துவது என்று தயங்குவதும் எங்கள் வீடுகளில் உள்ளதுதான். ஆகவே சில விடயங்களைக் கவனத்தில் எடுங்கள்.

பனடோல் காய்ச்சலைக் குறைக்கும், செப்சிஸை நிறுத்தாது. காய்ச்சல் இறங்கியதை வைத்து மட்டும் சுகம் என்று முடிவெடுக்காதீர்கள். மூச்சு, சலம், அறிவுத் தெளிவு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

போனமுறை மிஞ்சிய அன்ரிபயோரிக், கொழும்பிலிருந்து மாமா கொண்டுவந்த குளிசை என்று எடுக்காதீர்கள். பிழையான மருந்து நோயை மறைத்துத் தாமதத்தை உண்டாக்கும். அண்மையில் இலங்கை அல்லது இந்தியாவுக்குப் போய்வந்தவர் என்றால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அங்கிருந்து திரும்புவோரின் குடலில் வழமையான மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இருப்பது அதிகம். எந்த அன்ரிபயோரிக் கொடுப்பது என்பதையே இந்தத் தகவல் மாற்றலாம்.

நீரிழிவு எங்கள் சமூகத்தில் அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தொற்றுக்களும் அதிகம். காலில் நோ தெரியாத புண் இருக்கிறதா என்று பாருங்கள். சலக்கடுப்பு, முதுகு நோவு, குளிர் நடுக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது சிறுநீரகம் வரை ஏறிய தொற்றாக இருக்கலாம். குளிர்காலத்தில் வெளியே போகும்போது கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாமாருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

தோல் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. பல புத்தகங்களில் உள்ள 'வெளிறிய, நீலம் பாரித்த தோல்' என்ற படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. எங்கள் நிறத்தில் அந்த மாற்றம் இலகுவில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, நாக்கு, கீழ் இமையின் உட்பக்கம் ஆகிய இடங்களில் பாருங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி, கருமையான தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்துள்ளது. கருவி நல்ல இலக்கத்தைக் காட்டினாலும் ஆள் மூச்சுக்குத் திணறினால் ஆளை நம்புங்கள், கருவியை அல்ல.

உங்கள் வாயால் மட்டுமே சொல்லக்கூடிய அறிகுறி

பிரித்தானிய வைத்தியசாலைகளில் வளர்ந்தோருக்கு 'நியூஸ் 2' என்ற புள்ளி முறை உண்டு. 2017இல் வெளியான அம்முறையில் மூச்சு, ஒட்சிசன், இரத்த அழுத்தம், நாடி, வெப்பநிலை, அறிவுத் தெளிவு என்பவற்றுக்குப் புள்ளி போடுவார்கள். ஒருவருக்குப் புதிதாக அறிவுத் தடுமாற்றம் வந்திருந்தால் அதற்கு மட்டுமே 3 புள்ளி. மொத்தம் 5 புள்ளி வந்தால் வைத்தியர் அவசரமாகப் பார்க்கவேண்டும். 7 வந்தால் உடனடி அவசரநிலை.

இங்கேதான் எங்கள் முதியவர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. மூச்சையும் நாடியையும் கருவி அளந்துவிடும். அறிவுத் தெளிவை எப்படி அளப்பது? "இன்று என்ன நாள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். ஐயா பேசாமல் இருப்பார். 'ஆங்கிலம் தெரியாது' என்று எழுதப்படும். அவர் தமிழில் கேட்டாலும் பதில் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார் என்பது அந்தத் தாளில் ஏறாது. அந்த 3 புள்ளி தவறிப்போகும்.

அதைச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் மகனோ மகளோ மருமகளோதான். "அம்மா நேற்றுவரை தன்ரை குளிசையைத் தானே எடுத்துப் போட்டவ, இண்டைக்கு என்னையே ஆர் எண்டு கேக்கிறா" என்பது ஒரு மருத்துவத் தகவல். 'நியூ கொன்பியூஷன்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்து வையுங்கள். தாதியிடமும் வைத்தியரிடமும் அதே சொற்களைச் சொல்லுங்கள். "இது புதிது, நேற்று இப்படி இல்லை" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. பிரித்தானிய சுகாதார சேவையில் அதற்குக் காசு இல்லை. நேரில் ஆள் இல்லாவிட்டால் தொலைபேசியில் தருவார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். நோயின் பாரத்தையும் பிழையின் பாரத்தையும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது.

"டொக்டர்மாரை எதிர்த்துக் கதைக்கிறதோ" என்று தயங்குபவர்களுக்கு மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமியைப் பற்றிச் சொல்லவேண்டும். 2021இல் சைக்கிளில் விழுந்து கணையத்தில் காயப்பட்ட அவர், வைத்தியசாலையில் இருக்கும்போதே செப்சிஸால் இறந்தார். பெற்றோர் தங்கள் கவலையைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் அது கேட்கப்படவில்லை. முன்னதாகவே அதிதீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் அவர் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தப் பெற்றோர் ஆங்கிலம் தெரிந்தவர்கள், படித்தவர்கள். அவர்களுடைய முயற்சியால் 'மார்த்தாவின் விதி' என்ற ஏற்பாடு 2024இல் இங்கிலாந்தில் 143 வைத்தியசாலைகளில் தொடங்கப்பட்டு, பின்னர் விரிவாக்கப்பட்டது. நோயாளியின் நிலை மோசமாகிறது, ஆனால் வார்ட்டில் கேட்கிறார்கள் இல்லை என்று குடும்பம் நினைத்தால், வேறொரு அவசரக் குழுவை நேரடியாக அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். உறவினரை வார்ட்டில் சேர்த்தவுடன் "மார்த்தாவின் விதிக்கான இலக்கம் எது?" என்று கேட்டு எழுதி வையுங்கள். இது சண்டை அல்ல. அந்த வைத்தியசாலையே உங்களுக்குத் தந்திருக்கும் வழி.

எப்போது அழைப்பது?

தொற்று இருக்கும் ஒருவருக்கு, அல்லது இருக்கலாம் என்று நினைக்கும் ஒருவருக்கு, புதிய அறிவுத் தடுமாற்றம், மிக வேகமான மூச்சு, ஒரு நாளாகச் சலம் போகாமை, கடுமையான நடுக்கம், திட்டுத்திட்டான அல்லது நிறம் மாறிய தோல், "செத்துப்போவன் போலக் கிடக்கு" என்று அவரே சொல்லும் அளவுக்கு உடல்நிலை மோசமாதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 999ஐ அழையுங்கள். நிச்சயமில்லை என்றால் 111ஐ அழைக்கலாம். இணையம் வழியாக எம்மைக் கேட்கும் ஐரோப்பிய நேயர்கள் 112, கனடா நேயர்கள் 911, அவுஸ்திரேலிய நேயர்கள் 000. ஆங்கிலம் வராவிட்டால் முதலில் 'தமிழ்' என்றும், பிறகு 'செப்சிஸ்' என்றும் சொல்லுங்கள். இரண்டும் விளங்கும்.

பிழைத்து வருபவர்களைப் பற்றியும் ஒன்று. மாதக்கணக்கில் தசை பலவீனம், மறதி, கெட்ட கனவு இருக்கலாம். அதிதீவிர சிகிச்சையில் மயக்கத்தில் இருந்த எங்கள் ஆட்கள் சிலர், ஷெல் விழுகிறது, பங்கருக்குள் ஓடுங்கள் என்று கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். மெசின்களின் சத்தமும் கலங்கிய மூளையும் சேர்ந்து பழைய நாட்களைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, இது லண்டன், இது ஆசுபத்திரி, நாங்கள் எல்லோரும் இருக்கிறோம் என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருங்கள். அவர் எதற்காக அப்படிக் கத்துகிறார் என்பதைத் தாதிமாருக்கும் விளங்கப்படுத்துங்கள். அவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

உலகில் 2017ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்து, 1 கோடியே 10 இலட்சம் பேர் அதனோடு தொடர்புபட்டு இறந்தார்கள் என்று 2020இல் வெளியான கணக்கீடு சொல்கிறது. இவ்வளவு பெரிய நோய்க்கு எங்கள் வீடுகளில் இன்னும் ஒரு பெயர் இல்லை. காய்ச்சல் என்போம், சலக்கடுப்பு என்போம், வயசு போட்டுது என்போம். இனிமேல் செப்சிஸ் என்ற பெயரையும் சேர்த்து வையுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, வீட்டில் உள்ள பெரியவருக்கு ஒருமுறை வாசித்தும் காட்டுங்கள்.

அடுத்த மாத உரையில் நீரிழிவும் கால் பராமரிப்பும் பற்றிக் கதைப்போம். உங்கள் கேள்விகளை வழமை போல நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள்.